கேட்பவர் யார்? தமிழ்த் தொலைக்காட்சியில் பகடிப் பேட்டி

பேட்டி நிகழ்ச்சிக்குரிய அரங்கம், இருக்கைகள், தொகுப்பாளர், கைதட்டல் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, விருந்தினரை மட்டும் கற்பனைப் பாத்திரமாக்கி நடத்தப்படும் நகைச்சுவை வடிவத்தைப் பகடிப் பேட்டி எனலாம். இல்லாத நடிகர், இல்லாத எழுத்தாளர், இல்லாத அரசியல்வாதி ஆகியோர் இதில் உண்மையான பிரபலங்களைப் போல வந்து அமர்வார்கள். தமிழில் இவ்வடிவம் தனி நிகழ்ச்சியாக வேர்கொண்டதைவிட, வேறு நகைச்சுவை நிகழ்ச்சிகளின் ஒரு பகுதியாகவே அதிகம் வளர்ந்தது. அவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது, விஜய் தொலைக்காட்சியின் 'அது இது எது' நிகழ்ச்சியில் நகைச்சுவைக் கலைஞர் ராமர் செய்த 'சொல்வதெல்லாம் உண்மை' பகடி. அதை மையமாக வைத்து, பகடிப் பேட்டி யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவத்தின் இலக்கணம்

பேட்டியில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்கிறார். எதைப் பேசலாம், எப்போது நிறுத்தலாம், எந்தப் பதிலை நம்பலாம் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் கேட்பவர்தான். பகடிப் பேட்டி இந்த ஏற்பாட்டின் ஏதேனும் ஒரு முனையைக் குலைக்கிறது. எந்த முனை குலைகிறதோ அதைப் பொறுத்தே நகைச்சுவையின் தன்மையும் அமைகிறது.

இதற்கு இரண்டு தெளிவான எடுத்துக்காட்டுகள் உண்டு. பிரிட்டனில் ஸ்டீவ் கூகன் நடித்த ஆலன் பார்ட்ரிட்ஜ் என்ற பாத்திரம் வானொலியில் புகழ்பெற்று, 1994இல் பிபிசி தொலைக்காட்சியில் பேட்டி நிகழ்ச்சி நடத்தியது. தொகுப்பாளரும் கற்பனை, விருந்தினர்களும் கற்பனை. ஒரு சிறு நடிகர் குழுவே வாரந்தோறும் வெவ்வேறு விருந்தினர்களாக வந்தது. இங்கே கேலிக்கு உள்ளாகிறவர் தொகுப்பாளர். தற்பெருமையும் அறியாமையும் நிறைந்த அவர் விருந்தினர் முன் ஒவ்வொரு முறையும் அம்பலமாகிறார். கடைசிப் பகுதியில் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒரு விருந்தினர் அரங்கிலேயே இறந்துபோகும் அளவுக்கு அவருடைய திறமையின்மை முற்றுகிறது.

பாகிஸ்தானில் 2005இல் தொடங்கிய 'லூஸ் டாக்' எதிர்முனையைத் தேர்ந்தெடுத்தது. எழுத்தாளர் அன்வர் மக்சூத் சலனமில்லாமல் கேள்வி கேட்பார். எதிரே நடிகர் மொயின் அக்தர் ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய மனிதராக வந்து அமர்வார். மேசை, இரண்டு நாற்காலிகள், இரண்டு பேர் என்பதே ஏறக்குறைய முழு நிகழ்ச்சி. இதில் கேட்பவர் மாறாமல் இருக்க, பதில் சொல்பவர்கள் வழியே ஒரு சமூகத்தின் பாசாங்குகள் வரிசையாக வெளிப்பட்டன.

ஒன்று கேட்பவரின் அதிகாரத்தைச் சிரிக்கிறது. மற்றொன்று பதில் சொல்பவரின் பாவனையைச் சிரிக்கிறது. தமிழ்ப் பகடி இவ்விரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்பதற்கு முன், இங்கே ஏற்கெனவே இருந்த ஒரு மரபைப் பார்க்க வேண்டும்.

கட்டியங்காரனின் கேள்வி

வட தமிழகத்தின் தெருக்கூத்தில் ஒவ்வொரு முக்கியப் பாத்திரமும் திரைக்குப் பின்னிருந்தே அறிமுகமாகும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்திருக்க, அதன் பின்னால் நின்று ராஜா பாடுவார். கட்டியங்காரன் முன்னால் நின்று, நீங்கள் யார், எந்த நாடு, வந்த காரணம் என்ன என்று விசாரிப்பான். துரியோதனன் தன் பெருமைகளை அடுக்குவான். கட்டியங்காரன் அவற்றைத் திருப்பிச் சொல்வதுபோல் குழப்புவான், ஊர் விவகாரத்தை இடையே நுழைப்பான், ராஜாவின் கிரீடத்தையும் நடையையும் கிண்டல் செய்வான். பார்வையாளர்கள் சிரித்து முடித்தபின் கதை தொடரும்.

இதுவும் ஒரு பேட்டிதான். கற்பனையான ஒரு பெரிய மனிதர், அவரைக் கேள்வி கேட்கும் ஒருவர், சுற்றி அமர்ந்திருக்கும் ஊர் என மூன்று உறுப்புகளும் இதில் உள்ளன. திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை போன்ற பழைய தொண்டை மண்டலப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும்போது இக்காட்சியை இன்றும் காணலாம்.

இதில் கவனிக்க வேண்டியது கட்டியங்காரனின் இடம். அவன் அரசவையின் வேலைக்காரன், வாயில் காப்பவன். பதவியில் ராஜாவுக்கு மிகக் கீழே இருப்பவன். ஆனால் கேள்வி கேட்கும் உரிமை அவனிடம் இருக்கிறது. கீழிருந்து மேல்நோக்கிப் போகும் கேள்வி என்பதால்தான் ஊர் அவனோடு சேர்ந்து சிரிக்கிறது. கூத்து விடிந்து முடிந்தபின் அவன் யாரையும் காயப்படுத்தியதாக எவரும் நினைப்பதில்லை. அவன் தொட்டது கிரீடம் வைத்தவனை.

தொலைக்காட்சியில் கேள்வியின் திசை

தனியார் தொலைக்காட்சிகள் வந்தபின் தமிழில் பேட்டி இரண்டு வகையாகப் பிரிந்தது. முதல் வகையில் நட்சத்திரங்கள் விருந்தினர்கள். அனுஹாசனும் பின்னர் திவ்யதர்ஷினியும் நடத்திய 'காஃபி' நிகழ்ச்சிகளும் பண்டிகை நாள் சிறப்புப் பேட்டிகளும் இவ்வகையின. இவற்றில் கேள்வி மெதுவானது. தொகுப்பாளர் வியந்து கேட்பார், நட்சத்திரம் சிரித்துப் பதில் சொல்வார்.

இரண்டாம் வகையில் சாமானியர்கள் விருந்தினர்கள். நடிகை லட்சுமி விஜய் தொலைக்காட்சியில் நடத்திய 'கதையல்ல நிஜம்' இவ்வகைக்கு முன்னோடி. 2011இல் ஜீ தமிழில் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' அதை அன்றாட நிகழ்வாக்கியது. செய்தி வாசிப்பாளராக அறியப்பட்ட நிர்மலா பெரியசாமி முதலிலும், 'ஆரோகணம்' திரைப்படத்தின் இயக்குநர் லட்சுமி ராமகிருஷ்ணன் அதன்பின்னும் தொகுத்து வழங்கினர். குடும்பத் தகராறு, ஏமாற்றப்பட்ட காதல், கைவிடப்பட்ட குழந்தை, சொத்துச் சண்டை ஆகியவற்றோடு மக்கள் வந்தார்கள். பெரும்பாலோர் உழைக்கும் குடும்பத்தினர். தொகுப்பாளர் விசாரித்தார், கண்டித்தார், அறிவுரை சொன்னார், தீர்ப்பும் வழங்கினார்.

இங்கே கேள்வி மேலிருந்து கீழ்நோக்கிப் போகிறது. படித்தவர், நல்ல தமிழ் பேசுபவர், ஒளிவிளக்குக்குப் பழகியவர் கேட்கிறார். பழகாதவர் தடுமாறிப் பதில் சொல்கிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த இருக்கை அமைப்பு புதிதாக இருக்காது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை பெற்ற தொழிலாளி உள்விசாரணையில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரும்போது, கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த விசாரணையில்கூட நிலையாணை விதிகளின்படி சக தொழிலாளி ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சி அரங்கில் அப்படிப்பட்ட துணை எதுவும் கிடையாது. விசாரணையைக் கேட்டுக்கொண்டிருப்பதோ மாநிலம் முழுவதும்.

இந்நிகழ்ச்சிக்கு இன்னொரு பக்கமும் இருந்ததை மறுக்க முடியாது. காவல் நிலையமும் நீதிமன்றமும் எட்டாத தொலைவில் இருந்த பெண்களுக்குப் பேச ஓர் இடம் கிடைத்தது என்பது அதை ஆதரித்தவர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் பேசுவதற்குக் கொடுத்த விலை அவர்களின் அந்தரங்கம். 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்நிகழ்ச்சியை ஒளிபரப்ப இடைக்காலத் தடை விதித்தபோது, மனுவில் முதன்மையாக எழுப்பப்பட்டதும் இந்த அந்தரங்கம் பற்றிய கேள்விதான்.

'சிரிச்சா போச்சு' செய்தது என்ன?

சட்டம் அந்தக் கேள்வியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நகைச்சுவை இந்த நிகழ்ச்சியைத் தொட்டுவிட்டது. 'அது இது எது' நிகழ்ச்சியை முதலில் சிவகார்த்திகேயனும் பின்னர் மா.கா.பா. ஆனந்தும் தொகுத்து வழங்கினர். அதன் ஒரு சுற்று 'சிரிச்சா போச்சு'. நகைச்சுவைக் கலைஞர்கள் நடித்துக் காட்டுவார்கள். எதிரே அமர்ந்திருக்கும் பிரபல விருந்தினர் சிரிக்காமல் இருக்க வேண்டும். சிரித்தால் தோல்வி. இச்சுற்றில்தான் ராமர் பெண் வேடமிட்டு, 'சொல்வதெல்லாம் உண்மை' தொகுப்பாளரின் சாயலில் ஒரு பஞ்சாயத்தை நடத்தினார். சக கலைஞர்கள் தகராறோடு வந்த கற்பனை விருந்தினர்களாக நடித்தனர். "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" என்ற வாக்கியம் அங்கிருந்து தமிழ்நாடு முழுவதும் பரவியது.

ராமரின் நடிப்பில் துல்லியமான போலச்செய்தல் குறைவு. குரலும் உடல்மொழியும் அசலைப் போலவே இருக்க வேண்டும் என்று அவர் முயலவில்லை. அவர் பிடித்தது ஒரு தொனியை. அனுதாபமும் கண்டிப்பும் கலந்து, பேசுபவரை ஒரு படி மேலே நிறுத்தும் அந்தத் தொனியைத் தன் மதுரை வட்டாரப் பேச்சுக்குள் கொண்டுவந்தார். நாகரிகத் தமிழில் சொல்லப்பட்டபோது அறிவுரையாக ஒலித்தது, ஊர்ப் பேச்சில் வந்தவுடன் அதிகாரமாகத் தெரிந்தது. பார்வையாளர்கள் பல ஆண்டுகள் பார்த்தும் பெயர் வைக்க முடியாமல் இருந்த ஒரு சங்கடத்துக்கு அந்த ஒரு வாக்கியம் பெயர் வைத்தது. 'இவர் யார் இவர்களைத் திட்டுவதற்கு?' என்ற கேள்வி சிரிப்பாக வெளிவந்தது. அந்த அளவில் ராமர் கட்டியங்காரனின் வேலையைச் செய்தார். கேள்வி கேட்பவரை நோக்கிக் கேள்வியைத் திருப்பினார்.

பகடியின் வெற்றி இதுதான். அதன் குறையும் இதே காட்சிக்குள் இருக்கிறது.

முதலாவது, தொகுப்பாளரின் தொனி கேலிக்குள்ளானபோது விருந்தினர்களும் தப்பவில்லை. அசல் நிகழ்ச்சியில் அழுதுகொண்டு வந்தவர்கள் பகடியில் அற்பக் காரணத்துக்குச் சண்டையிடும் கோமாளிகளானார்கள். தகராறு எவ்வளவு அபத்தமாக இருக்கிறதோ அவ்வளவு சிரிப்பு. ஆனால் அபத்தம் அந்தத் தகராறில் இல்லை, அதைக் காட்சிப்பொருளாக்கிய ஏற்பாட்டில் இருந்தது. பகடி அந்த ஏற்பாட்டின் ஒரு பாதியை உடைத்து, மறுபாதியை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, பெண் வேடம். ஆண் கலைஞர் சேலை கட்டி வருவதே சிரிப்புக்குப் போதும் என்ற பழக்கம் தமிழ் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் வெகுகாலமாக உண்டு. இந்தப் பகடியிலும் சிரிப்பின் ஒரு பகுதி தொகுப்பாளரின் அதிகாரத்திலிருந்து பிறந்தது, இன்னொரு பகுதி அவர் பெண் என்பதிலிருந்து பிறந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த மேடையில் இடமில்லை. ஒரு பெண் அதட்டிப் பேசுவதைக் கேலி செய்ய விரும்பியவர்களும், ஓர் அதிகாரத்தைக் கேலி செய்ய விரும்பியவர்களும் ஒரே வாக்கியத்துக்குச் சேர்ந்து சிரித்தார்கள்.

நட்சத்திரம் அமர்ந்திருக்கும் இடம்

மூன்றாவது குறை இவற்றைவிட அடிப்படையானது. அது சுற்றின் அமைப்பிலேயே இருக்கிறது. 'சிரிச்சா போச்சு' சுற்றில் உண்மையான பிரபலம் எங்கே இருக்கிறார்? நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார். அவருக்குச் சிரிப்பு வருகிறதா இல்லையா என்பதே கலைஞர்களின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. அவர் முன்னால் சாமானியர்களைப் போல வேடமிட்டவர்கள் உருண்டு புரள்கிறார்கள்.

கூத்தில் கேள்விக்கு உள்ளானவர் ராஜா, பார்த்தது ஊர். இங்கே பார்ப்பவர் ராஜா, கேலிக்கு உள்ளாவது ஊர். ஒரே வடிவம் தலைகீழாக நிற்கிறது.

இது தற்செயல் இல்லை. தமிழ்த் தொலைக்காட்சி திரைத்துறையைச் சார்ந்து நிற்கிறது. படத்தின் ஒளிபரப்பு உரிமை, இசை வெளியீட்டு விழா, தீபாவளி–பொங்கல் சிறப்புப் பேட்டிகள் ஆகிய அனைத்துக்கும் நட்சத்திரத்தின் நல்லெண்ணம் தேவை. நட்சத்திரப் பேட்டியின் வழவழப்பைப் பகடி செய்யும் தொலைக்காட்சி அடுத்த பண்டிகைக்கு அந்த நட்சத்திரத்தையே அழைக்க வேண்டியிருக்கும். போட்டித் தொலைக்காட்சியின் பஞ்சாயத்து நிகழ்ச்சியைப் பகடி செய்வதில் அந்தச் சிக்கல் இல்லை. அதில் வந்த குடும்பங்களுக்குத் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் பேரம் பேசும் பலம் கிடையாது.

இதற்கு விலக்காக அமைந்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 2000களின் நடுப்பகுதியில் ராம்பாலா இயக்கத்தில் விஜய் தொலைக்காட்சியில் வந்த 'லொள்ளு சபா', முன்னணி நடிகர்களின் வெற்றிப் படங்களைக் காட்சிக்குக் காட்சி கேலி செய்தது. சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர் போன்றோர் அதில் நடித்தனர். கதாநாயகனின் அறிமுகக் காட்சியும் வசன வீச்சும் எவ்வளவு செயற்கையானவை என்பதை ஒரு தலைமுறைக்கு அது கற்றுக்கொடுத்தது. சினிமாப் பகடியை முழுநீளப் படமாக்கி 2010இல் சி.எஸ். அமுதன் 'தமிழ்ப் படம்' எடுத்தபோது அதற்கான பார்வையாளர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். ஆனால் அந்தத் துணிச்சல் படங்களைப் பகடி செய்வதிலேயே பெரும்பாலும் செலவானது. நட்சத்திரப் பேட்டி என்ற சடங்கை, வாரந்தோறும் ஒரு கற்பனைப் பிரபலத்தை உட்காரவைத்துச் சோதிக்கும் 'லூஸ் டாக்' போன்ற ஒரு தொடர் தமிழ்த் தொலைக்காட்சியில் நிலைபெறவில்லை.

இன்று அந்தச் சடங்கு முன்னைவிடப் பெரிதாகியிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஈவிபி பிலிம் சிட்டியில்தான் 2017 முதல் 'பிக் பாஸ்' தமிழ் வீடு அமைக்கப்பட்டது. வார இறுதியில் ஒரு பெரிய நடிகர் மேடையில் நின்று, வீட்டுக்குள் இருப்பவர்களை வரிசையாக விசாரிக்கிறார். முதல் ஏழு பருவங்களில் கமல்ஹாசன் அந்த இடத்தில் நின்றார், பின்னர் விஜய் சேதுபதி நின்றார். நட்சத்திரப் பேட்டியும் பஞ்சாயத்தும் இதில் ஒன்றாகிவிட்டன. விசாரிப்பவரே நட்சத்திரம். இந்த இருக்கையை முழுமையாகச் சோதிக்கும் பகடி வந்தால் அது தமிழ் நகைச்சுவைக்குப் பெரிய வரவாக இருக்கும்.

ஒரு வாக்கியத்தின் பயணம்

ராமரின் பகடிக்குப் பின் அந்த வாக்கியம் என்னவாயிற்று என்பதும் கவனத்துக்குரியது. டி. இமான் இசையமைத்து 2016 பொங்கலுக்கு வெளியான 'ரஜினிமுருகன்' படத்தில் அது ஒரு பாடலின் பல்லவியாகவே ஆனது. அப்படத்தின் நாயகன், 'அது இது எது' மேடையில் தொகுப்பாளராக இருந்த சிவகார்த்திகேயன். தான் வருத்தத்தோடு சொன்ன சொற்கள் கேலிப்பொருளாக்கப்பட்டது குறித்து லட்சுமி ராமகிருஷ்ணன் வெளிப்படையாகவே தன் அதிருப்தியைத் தெரிவித்தார்.

அவருடைய வருத்தத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பகடி தன் இலக்கை நெருங்கி நிற்கும்வரைதான் அது விமர்சனம். தொகுப்பாளரின் தொனியைச் சுட்டிக்காட்டியபோது அந்த வாக்கியத்துக்கு ஒரு கூர்மை இருந்தது. பாடலானபோது அது காதலியைப் பார்த்துச் சொல்லும் கிண்டலானது. மீம்களில் எதற்கும் பொருந்தும் சொல்லானது. அதிகாரத்தின் மீது எறியப்பட்ட கல், யார் வேண்டுமானாலும் யார் மீதும் எறியக்கூடிய பந்தாக மாறியது. இறுதியில் எஞ்சியது ஒரு தனி மனிதரின் பேச்சுமுறை மீதான கேலி மட்டுமே. நிகழ்ச்சியை வடிவமைத்த, அதிலிருந்து வருமானம் பெற்ற நிறுவனத்தின் மீது ஒரு துரும்பும் விழவில்லை.

மதிப்பீடு

ராமரின் பகடியைத் தமிழ்த் தொலைக்காட்சி நகைச்சுவையின் முக்கியமான நிகழ்வாகவே கொள்ள வேண்டும். மறுப்பின்றி ஓடிக்கொண்டிருந்த ஒரு தொனியை அது மக்கள் காதில் விழச் செய்தது. அதன்பின் அந்த நிகழ்ச்சியைப் பழைய பயபக்தியோடு பார்ப்பது கடினமாயிற்று. ஆய்வுக் கட்டுரைகள் செய்ய முடியாததை ஒரு சில நிமிட நடிப்பு செய்தது.

ஆனால் கட்டியங்காரனோடு ஒப்பிட்டால் அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கேட்பவரைச் சிரித்தது சரி. பதில் சொல்ல வந்தவரையும் சேர்த்துச் சிரித்தது, பார்த்துக்கொண்டிருந்த நட்சத்திரத்தைத் தொடாமல் விட்டது. பகடிப் பேட்டியை ஆராயும் மாணவர்கள் எந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டாலும் மூன்று கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். கேள்வி கேட்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? சிரிப்பு முடிந்தபின் யார் சிறியவராகிறார்? யாரைக் கேலி செய்ய நிகழ்ச்சிக்கு வசதிப்படவில்லை?

மூன்றாம் கேள்விக்கான பதில் பெரும்பாலும் திரையில் தெரியாது. அது விளம்பர இடைவேளையிலும், அடுத்த வாரச் சிறப்பு விருந்தினரின் பெயரிலும் இருக்கும். கூத்து மேடையில் கட்டியங்காரனுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த ஊரிலும் அதே துரியோதனன் வருவான், அவனிடமும் நீ யார் என்றுதான் கேட்பான்.